55 லிட்டர் ரீஃப் தொட்டிக்கு எத்தனை நத்தை, எத்தனை நண்டு?

கேள்வி, 14-05-2023, பட்டுக்கோட்டைத் தம்பி

ரெண்டடிக்கு ஓரடி கடல் தண்ணி தொட்டி, கல்லு மண்ணு போக 45 லிட்டர் தண்ணி நிக்கும். சைக்கிள் (அம்மோனியாவ மாத்துற பாக்டீரியா வளர்ற காலம்) முடிஞ்சு பத்து நாள் ஆச்சு. ஒரு ஜோடி க்ளவுன் மீன், கொஞ்சம் மஷ்ரூம், ரெண்டு கொத்து ஜோவா (ரெண்டும் பவளம் மாதிரி மெத்துன்னு இருக்கிற உயிரு) இருக்கு. இப்ப கண்ணாடி, மண்ணு எல்லாம் பழுப்பா மாவு பூசுன மாதிரி படிஞ்சு கெடக்கு. அத தின்னு சுத்தம் பண்ண விக்கிறவர் லிட்டருக்கு ஒண்ணுன்னு கணக்கு சொல்லி 30 நத்தை, 15 ஹெர்மிட் நண்டு (காலி ஓட்டுல குடியிருக்கிறது), மண்ணு சலிக்கிற ஸ்டார் (நட்சத்திர மீன்) ஒண்ணு, கடல் அட்டை ஒண்ணு, எல்லாம் செட்டா தர்றேங்கிறார். வாங்கலாமாண்ணே?

14-05-2023, ராத்திரி

வாங்காத தம்பி. மத்தத நாளைக்கு எழுதுறேன், ஒண்ண மட்டும் இப்பவே சொல்லிடறேன். கடல் அட்டை 2001-லேர்ந்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, புலி இருக்கிற அதே அட்டவணை. பிடிக்கவும் கூடாது விக்கவும் கூடாது வீட்ல வச்சிருக்கவும் கூடாது. கடல் குதிரையும் அப்படித்தான், கல்லுப் பவளமும் அப்படித்தான். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், சின்ன தொட்டில கடல் அட்டை செத்துச்சுன்னா அது விடுற நஞ்சுல மீனும் சேந்து போயிடும்.

15-05-2023

நேத்து சொன்னதோட தொடர்ச்சி. அறுப்பு முடிஞ்ச வயல்ல வாத்து மேய்க்கிறவங்க வர்றத பாத்திருப்ப. கொட்டிக் கெடக்கிற நெல்லு, நத்தை, புழு இருக்கிற வரைக்கும் மேயும், தீந்தா ஓட்டிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவாங்க. ஒரு மா நெலத்துல ஆயிரம் வாத்த விட்டு சுத்தி வேலியும் போட்டுட்டா என்னாவும்னு யோசிச்சுப் பாரு, முதல் ரெண்டு நாள் வயல் சுத்தமா இருக்கும், அப்பறம் வாத்து ஒண்ணொண்ணா சாவும். தொட்டிங்கிறது அந்த வேலி போட்ட நெலம். அடுத்த ஊரு கெடையாது. அதனால லிட்டருக்கு ஒண்ணுங்கிற கணக்கே தப்பு, தண்ணி எவ்வளவுங்கிறது கேள்வியே இல்ல, மேய்ச்சல் எவ்வளவு இருக்குங்கிறதுதான் கேள்வி.

இன்னொண்ணு. வாத்து மேயுறத மட்டும் சொன்னா பாதிதான் சொன்ன மாதிரி. கோடைல நம்ம ஊர்ல ஆட்டுக் கிடை போடுறோம்ல, எதுக்கு போடுறோம், புழுக்கை மண்ணுல சேரணும்னுதான. நத்தையும் அதேதான் செய்யுது. பாசிய தின்னுட்டு அதே தொட்டிலதான் புழுக்கை போடுது, அந்த சத்து எங்கயும் போகல, வடிவம் மாறிக் கெடக்குது, அவ்வளவுதான். தண்ணி மாத்துறப்ப மண்ணையும் கல்லு இடுக்கையும் உறிஞ்சி எடுத்தாதான் அது வெளில போகும். நத்தை வாங்கிட்டா தண்ணி மாத்துறத குறைச்சுக்கலாம்னு நெனைக்கிறவங்க நெறைய பேரு, நானும் முதல் வருஷம் அப்படித்தான் நெனச்சேன்.

உன் பழுப்புப் படிவம் டயாட்டம், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசி. புது தொட்டில வர்றதுதான், தண்ணில மண்ணுல இருக்கிற சிலிக்காவ வச்சு வளருது, அது தீந்தா சில வாரத்துல தானா போயிடும். அதுக்காக 45 உயிரு வாங்குனா டயாட்டம் போன மறுவாரமே அதுங்களுக்கு சோறு இல்ல. ஆர்.ஓ. தண்ணியோட டிடிஎஸ் (கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) என்ன காட்டுதுன்னு முதல்ல பாரு. நம்ம பக்கம் போர் தண்ணில என்னென்னமோ இருக்கு, வயலுக்குப் போட்ட யூரியா வரைக்கும் எறங்கியிருக்கும், மெம்பரேன் பழசானா எல்லாம் உள்ள வரும். மீட்டர் சைபர் காட்டணும், இல்லன்னா ஆர்.ஓ.-க்குப் பின்னாடி மிச்ச உப்ப பிடிக்கிற டி.ஐ. ரெசின் டப்பா ஒண்ணு மாட்டணும்.

15-05-2023, சாயந்தரம்

"சரிண்ணே, கடைசியா எத்தனைதான் வாங்குறது"ன்னு கேட்டுருக்க. அஞ்சு. ட்ரோக்கஸ் ரெண்டு, செரித் மூணு, எல்லாமே நத்தைதான். ஆறு வாரம் கழிச்சு மறுபடி பேசுவோம்.

17-05-2023

ஏன் அந்த ரெண்டுன்னு காரைக்கால் அண்ணன் கேக்குறாரு. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம், கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

ட்ரோக்கஸ் கோபுரம் மாதிரி கூம்பா இருக்கும். கண்ணாடி, கல்லு ரெண்டையும் நல்லா மேயும். முக்கியமா கவுந்து விழுந்தா தானா நிமிந்துக்கும். பாக்க ஏறக்குறைய அதே மாதிரி இருக்கிற அஸ்ட்ரேயாவுக்கு அது முடியாது, மல்லாந்து விழுந்தா அப்படியே கெடக்கும், நண்டு வந்து தின்னுடும், இல்ல பட்டினில சாவும். நீ வேலைக்குப் போயிட்டு ராத்திரி வர்ற ஆளு, பகல்ல அத யாரு நிமித்தி விடுவா? டர்போ நல்ல தீனிக்காரன், பச்சை முடிப்பாசிய இழுத்து இழுத்து தின்னும், ஆனா எலுமிச்சம்பழம் அளவுக்கு வளர்ற ஜாதி இருக்கு, ஒட்டாம வச்ச ஜோவா கல்ல உருட்டி கீழ தள்ளிடும். நாலடி தொட்டிக்கு சரி, ரெண்டடிக்கு வேணாம்.

செரித் நீளமா முறுக்கு மாதிரி இருக்கும். பகல்ல மண்ணுக்குள்ள, ராத்திரி மேல. மண்ணக் கிளறிக்கிட்டே இருக்கும், டயாட்டம், அழுகல், படிவம் எல்லாம் சாப்புடும். கண்ணாடில நூல் கோலம் போட்ட மாதிரி வெள்ளையா முட்டை போட்டுட்டுப் போகும், பயப்படாத.

நாசாரியஸ நெறைய பேரு பாசி திங்கும்னு வாங்குறாங்க. திங்காது. அது செத்தத தின்னுற ஜாதி. மண்ணுக்குள்ள பொதைஞ்சு ஒரு சின்ன தும்பிக்கைய மட்டும் வெளில நீட்டிக்கிட்டு கெடக்கும், மீனுக்கு இறால் துண்டு போட்ட ரெண்டு நிமிஷத்துல மண்ணப் பொளந்துக்கிட்டு நாலா பக்கமும் கெளம்பி வரும், அத பாக்குறதுக்காகவே நான் ரெண்டு வச்சிருக்கேன். மீதித் தீனி விழுற தொட்டிக்கு நல்லது. நீ அளவா தீனி போடுற ஆளா இருந்தா அதுக்கு பட்டினிதான்.

நெரைட் கண்ணாடிக்கு அருமை. ஆனா தண்ணிய விட்டு மேல ஏறும், மூடி இல்லாத தொட்டில காலைல தரைல கெடக்கும். எள்ளு தூவுன மாதிரி வெள்ளை முட்டை எல்லா எடத்துலயும் ஒட்டி வைக்கும், சொரண்டுனாலும் லேசுல போவாது.

மண்ணு சலிக்கிற ஸ்டார் பேர்லயே ஏமாந்துடாத. அது மண்ண சுத்தம் பண்ணல, மண்ணுக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன உயிர எல்லாம் தின்னு தீக்குது. ரெண்டடி மண்ணு அதுக்கு கொஞ்ச மாசத்துக்குத்தான் வரும், அப்பறம் கை கரைஞ்சு சாவும். அதே மண்ணுல தானா வர்ற முள்ளுப் புழு, ஆம்ஃபிபாடு (குட்டி இறால் மாதிரி பூச்சி), சின்ன பிரிட்டில் ஸ்டார் (மெல்லிசு கை நட்சத்திரம்) இதெல்லாம் காசில்லாத வேலையாளுங்க. அத பாத்து அலறி வேட்டையாடாத.

ஹெர்மிட் நண்டு ரெண்டு மூணு போட்டா தப்பில்ல, காலி சங்கு கூட போட்டா நத்தைய தொந்தரவு பண்ணாது.

02-06-2023

மேல கடைசி வரில ஹெர்மிட் பத்தி எழுதுனத திருத்துறேன். நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் அடிச்சுப் பாத்தா என் நீலக்கால் நண்டு ஒண்ணு ட்ரோக்கஸ குப்புறத் தள்ளி வாய்ல கைய விட்டு பிச்சு எடுத்துக்கிட்டு இருக்கு. பக்கத்துலயே அஞ்சு காலி சங்கு கெடக்கு. காலைல பாத்தா ட்ரோக்கஸ் ஓட்டுக்குள்ள நண்டு குடி போயிருக்கு. ரெண்டு வருஷமா இருந்த நத்தை அது.

அந்த காலி சங்க எடுத்து கைல வச்சுப் பாத்தப்பதான் புரிஞ்சுது. வேளாங்கண்ணி கடைத்தெருவுல வாங்கிட்டு வந்தது. பளபளன்னு இருக்கேன்னு வாங்குனேன், வார்னிஷ் அடிச்சது, வாயும் நீளமா ஒடுக்கமா இருக்கு. ஹெர்மிட்டுக்கு டர்போ ஓடு மாதிரி வட்ட வாய் வேணும், அதோட ஒடம்ப விட ஒரு சுத்து பெருசாவும் வேணும், வளர்ற பிள்ளைக்கு சட்டை எடுக்கிற மாதிரி. பூச்சு இல்லாத ஓடா பாத்து, கொதிக்க வச்சு, நல்ல தண்ணில ஊறப்போட்டு போடணும். அப்படிப் போட்டாலும் கூட ஆபத்து குறையும்னுதான் சொல்லுவேன், இல்லன்னு சொல்ல மாட்டேன். பசிச்ச நண்டுக்கு நத்தை வீடு மட்டும் இல்ல, சாப்பாடும் அதுதான். நத்தை முக்கியம்னா நண்டு வேணாம் தம்பி, ரெண்டடி தொட்டில ஒதுங்க எடம் இல்ல.

03-06-2023

ரெண்டு நண்டையும் எடுத்து சம்ப்ல (வடிகட்டித் தொட்டி) போட்டாச்சு. மீதித் தீனி அங்க விழுது, நல்லா இருக்குங்க.

21-06-2023

மனசு சரியில்ல, அதான் ரெண்டு வாரமா எழுதல. என் தொட்டில வரிசையா சாவு. முதல்ல க்ளீனர் இறால், அது சட்டை உரிச்சிருக்குன்னு நெனச்சேன் (உரிச்ச தோலு செத்த இறால் மாதிரியே இருக்கும், கண்ணு, மீசை எல்லாம் அச்சு அசலா), எடுத்துப் பாத்தா கனமா இருக்கு, செத்துப் போச்சு. அப்பறம் மூணு செரித், மீதி இருந்த ட்ரோக்கஸ் பிடி தளந்து கண்ணாடிலேர்ந்து விழுந்துக்கிட்டே இருக்கு. அம்மோனியா சைபர், நைட்ரைட் சைபர், உப்பு (அடர்த்தி மீட்டர்ல) 1.025, சூடு 27. மீனு ரெண்டும் குதிச்சுக்கிட்டு திரியுது. ஒண்ணும் புரியல.

காரைக்கால் அண்ணன் வெயில்ல தண்ணி வத்தி உப்பு ஏறியிருக்கும்னு சொன்னாரு. நியாயமான சந்தேகம்தான். ஃபேன் வச்சு குளிர்விக்கிறதுல ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் வத்துது, மூணு நாள் மறந்தா 45 லிட்டர் 40 ஆயிடும், ஆயிரத்துக்கு 35 பங்கு இருந்த உப்பு 39 கிட்ட போயிடும், நத்தை தாங்காது. ஆனா நான் வத்துன அளவுக்கு ஆர்.ஓ. தண்ணிய தினமும் ஊத்திக்கிட்டுத்தான் இருந்தேன்.

24-06-2023

கண்டுபிடிச்சாச்சு. தினமும் ஊத்துனதுதான் காரணம்.

மீனு நல்லா இருக்கு, ஓடு உள்ளது மட்டும் சாவுதுன்னா செம்பத்தான் சந்தேகப்படணும், இது எனக்குத் தெரிஞ்ச விஷயம், ஆனா நான் செம்பு மருந்து எதுவும் தொட்டிக்குள்ள விட்டதே இல்லையேன்னு அந்தப் பக்கமே யோசிக்கல. நேத்து காலைல சமையக்கட்டுக்குப் போறேன், அம்மா என் ஆர்.ஓ. கேன்லேர்ந்து தண்ணிய செம்புத் தவலைல ஊத்தி வச்சிருக்காங்க. கேட்டா, பிளாஸ்டிக் கேன் வெயில்ல கெடக்கு, அந்தத் தண்ணியவா ஊத்துற, வாயில்லா ஜீவன்டா, அதான் ஒரு மாசமா ராத்திரியே தவலைல மாத்தி வச்சு காலைல உன் கேன்ல ஊத்தி வைக்கிறேன்னாங்க. பாட்டி கொண்டு வந்த தவலை அது, கும்பகோணத்துப் பாத்திரம். நமக்கு செம்புத் தண்ணி நல்லதுன்னா அதுங்களுக்கும் நல்லதுன்னு நெனச்சு செஞ்சிருக்காங்க. எனக்கு வாயே எழும்பல.

நடந்தது என்னன்னா, தாது இல்லாத ஆர்.ஓ. தண்ணிக்கு உலோகத்தக் கரைக்கிற குணம் உண்டு, ராத்திரி பூரா நின்னா கொஞ்சம் செம்பு இறங்கிடும். மனுஷனுக்கு அது ஒண்ணும் பண்ணாது. தொட்டில ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான், செம்பு தங்கிடும், அதனால ஒரு மாசம் தினம் ஊத்துனா சேந்துக்கிட்டே வரும். மீன் நோய்க்கு செம்பு மருந்து குடுக்கிறப்பவே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் கிட்டதான் வைக்கிறாங்க, அந்த அளவுல மீன் பிழைக்கும், நத்தையும் இறாலும் பிழைக்காது. டெஸ்ட் கிட் வாங்கிப் பாத்தேன், நிறம் மாறுச்சு.

25-06-2023

நெறைய பேரு கேட்டதால: கால்வாசி கால்வாசியா தண்ணி மாத்துறேன், செம்ப உறிஞ்சுற ரெசினும் கார்பனும் போட்டிருக்கேன். கல்லும் மண்ணும் செம்ப உள்ள இழுத்து வச்சுக்கிட்டு மெல்ல மெல்ல திருப்பி விடும், அதனால உடனே நத்தை வாங்க மாட்டேன். பித்தளையும் இதேதான், அதுலயும் செம்புதான் பாதிக்கு மேல. தொட்டித் தண்ணி வர்ற வழில பித்தளைக் குழாய், பித்தளை அண்டா எதுவும் இருக்கக் கூடாது. அம்மாகிட்ட நத்தை செத்ததுக்கு காரணம் சொல்லல. தவலைல மாத்துறது எனக்கு வேலை கூடுதும்மான்னு மட்டும் சொல்லி வச்சேன்.

03-08-2023

ஆடிப்பெருக்கு, லீவு. தரங்கம்பாடி கோட்டைக்கு முன்னாடி பாறைல நெரைட் நெறைய ஒட்டியிருக்கு, எடுத்து வரலாமான்னு தம்பி கேட்டுருக்கான். நாலு வருஷம் முன்னாடி நானும் அத செஞ்சேன், மயிலாடுதுறைலேர்ந்து ஒரு மணி நேர பஸ்ஸுதான. பாத்ததும் இதுங்க எல்லாம் காசில்லாம கெடைக்குதேன்னு தோணும். பாறையோட மேல் பக்கம், அலை தெறிக்கிற எடத்துல இருக்கிறதுங்க பாதி நாள் காய்ஞ்ச கல்லுலயே வாழுற ஜாதி. தொட்டில விட்டா மேல மேல ஏறும், ஏறிக்கிட்டே இருக்கும். அன்னைக்கு கொண்டு வந்த எட்டுல ஆறு நத்தைய பீரோ பின்னாடி காய்ஞ்சு போய் எடுத்தேன். ரெண்டு எந்தப் பக்கம் போச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியல. தண்ணிக்குள்ளயே கெடக்கிற நத்தை எடுத்தா இன்னும் மோசம், எது பாசி திங்கும் எது ஓட்ட துளை போட்டு மத்த நத்தைய திங்கும்னு நமக்குத் தெரியாது. அதுங்க அங்கயே இருக்கட்டும்.

05-08-2023

அந்தக் கேள்வியோட வாலா இன்னொருத்தர், நாகப்பட்டினத்துல மீன் எறங்குற எடத்துல உயிரோட சங்கு குடுத்தாங்க, தொட்டில விடலாமான்னு. சங்கு புழு தின்னி, மணலுக்குள்ள இருக்கிற புழுவத் தேடித் திங்கிறது. பாசியத் தொடாது, நான் மேல சொன்ன காசில்லாத வேலையாளுங்களத்தான் தின்னு தீக்கும். கனமும் ஜாஸ்தி, கல்லு சரியும். திருப்பி கடல்ல விடச் சொன்னேன், விட்டுட்டு போட்டோ போட்டிருக்காரு, நன்றி.

12-08-2023

செம்பு கிட்ல நிறம் மாறல. ஏழு வாரம் ஆச்சு. ஒரே ஒரு செரித் விட்டிருக்கேன்.

26-08-2023

செரித் நல்லா இருக்கு. ராத்திரி கண்ணாடில பாத்தேன், வாய் சொரண்டுறது தெரியுது. சென்னை கொளத்தூர்லேர்ந்து நாலு ட்ரோக்கஸ் சொல்லியாச்சு.

இதையும் எழுதிடறேன், தம்பி கேக்க மறந்தது. ராத்திரி பஸ்ல பார்சல் வந்ததும் பைய மிதக்க விட்டுட்டு திறந்து கொட்டிடாத. பார்சல் தண்ணி உப்பு 1.021 இருந்துச்சு, என்னது 1.025. மீனுக்காவது உள்ள உப்ப சரி பண்ணிக்கிற உறுப்பு இருக்கு, நத்தைக்கு வெளில என்ன உப்போ உள்ளயும் அதேதான், திடீர்னு மாத்துனா ரெண்டு நாள் கழிச்சு சாவும், ஏன்னே தெரியாது. டப்பால விட்டு, ஏர் டியூப்ல முடிச்சுப் போட்டு சொட்டுச் சொட்டா தொட்டித் தண்ணி எறக்கணும், ஒன்றரை மணி நேரம். அப்பறம் நத்தைய மட்டும் எடுத்து விடு, அந்தத் தண்ணிய கீழ கொட்டிடு.

19-09-2023

காரைக்கால் அண்ணன் தொட்டில ஐப்டேசியா (களை மாதிரி பரவுற கடல் அனிமோன்) வந்திருக்கு, அத திங்கும்னு பெப்பர்மின்ட் இறால் வாங்குனாரு, ஐப்டேசியா அப்படியே இருக்கு, ஜோவா காணாமப் போவுது. போட்டோ பாத்தேன். அது ஒட்டக இறாலுண்ணே. முதுகு கூனலா இருக்கு, சிவப்புக் கோட்டுக்கு நடுவுல வெள்ளைக் கோடும் புள்ளியும் இருக்கு. பெப்பர்மின்டுக்கு வெள்ளைக் கோடு கெடையாது. ஒட்டக இறால் மென்பவளத்த கொறிக்கும். எடுத்துடுங்க. குமிழ்ப் பாசிக்கு எமரால்டு நண்டு போடலாமான்னும் கேட்டிருந்தீங்க, போடலாம், ஒண்ணே ஒண்ணு, பசி வந்தா அதுவும் மத்தத தொடும்ங்கிறத மனசுல வச்சுக்கிட்டு.

04-11-2023

ராத்திரி இடி மழை, ஆறு மணி நேரம் கரண்ட் இல்ல. நத்தை எல்லாம் தண்ணி மட்டத்துக்கு ஏறி வரிசையா நிக்குது. அத பாத்தா ஆக்ஸிஜன் குறையுதுன்னு அர்த்தம், கடிகாரத்தப் பாக்காத, நத்தையப் பாரு. பேட்டரி ஏர் பம்ப் போட்டேன், அரை மணில எறங்க ஆரம்பிச்சுது. கஜா சமயத்துல, 2018 நவம்பர்ல, வேதாரண்யம் பக்கம் எத்தன நாள் கரண்ட் இல்லாம கெடந்தாங்க. அப்ப எங்க வீட்ல கடல் தொட்டி இல்ல. ஐப்பசி கார்த்திகைக்கு முன்னாடியே ரெண்டு பேட்டரி பம்ப் வாங்கி வச்சுடுங்க, ஒரு செத்த டர்போவே சின்ன தொட்டில அம்மோனியாவ கெளப்பிடும்.

05-11-2023

தம்பி கணக்கு குடுத்திருக்கான்: மே மாசம் விட்ட ரெண்டு ட்ரோக்கஸ், மூணு செரித், அஞ்சும் உயிரோட. டயாட்டம் ஜூன் கடைசில போயிடுச்சு. இப்ப பச்சை முடிப்பாசி ஒரு கல்லுல மட்டும் இருக்காம், இன்னும் அஞ்சு நத்தை வாங்கவான்னு கேக்குறான். வேணாம். நீளமா வளந்த முடிப்பாசிய ட்ரோக்கஸ் தொடாது, குட்டையா இருக்கிறததான் மேயும். கல்ல வெளில எடுத்து பல்லு வெளக்குற பிரஷ்ஷால தொட்டித் தண்ணிலயே தேய்ச்சு அலசிட்டு திருப்பி வையி, மறுபடி துளிர்க்கிறத அதுங்க பாத்துக்கும். லைட்ட எட்டு மணி நேரத்துக்கு குறை. மீனுக்கு ரெண்டு வேளை போடுறத ஒரு வேளை ஆக்கு. பாசி சுத்தமா தீந்துட்டா நோரி (காய வச்ச கடல்பாசித் தாள்) ஒரு துண்டு கிளிப்ல மாட்டி விடு, வாத்துக்கு நெல்லு வாங்கிப் போடுற மாதிரிதான்.

08-01-2024

காலைல பின் கண்ணாடில கடுகு சைஸ்ல ஏதோ ஒட்டியிருக்கு, அழுக்குன்னு நெனச்சு சொரண்டப் போனேன். லென்ஸ் வச்சுப் பாத்தா கூம்பு. ட்ரோக்கஸ் குட்டி. எண்ணுனேன், பதினொண்ணு, அப்பறம் பம்புக்கு கீழ இன்னும் மூணு. அம்மாவ கூப்பிட்டு காட்டினேன், கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

பட்டுக்கோட்டைத் தம்பி, உனக்கு நாலு எடுத்து வைக்கிறேன். இப்ப ரொம்ப சின்னது, உளுந்து அளவு ஆவட்டும், பொங்கல் கூட்டமும் முடியட்டும், பஸ்ல குடுத்து விடுறேன். உன் தண்ணி உப்பு எவ்வளவுன்னு முன்னாடியே அளந்து சொல்லு, நான் இங்கேயே அதுக்குக் கொண்டு வந்து அனுப்புறேன்.